சர்க்கார் வேலையை விட்டுட்டு கன்சல்டிங் போலாமா?

போன மாசம் வேற ஏதோ கேள்விக்கு பதில் எழுதும்போது, நான் 11 வருஷம் மாநில அரசுல இன்ஜினியரா இருந்துட்டு அப்புறம் கன்சல்டிங்குக்குப் போனவன்னு போற போக்குல சொல்லிட்டேன், அவ்வளவுதான், அதுல இருந்து வர்ற கடிதத்துல பாதிக்கு மேல இதே கேள்வி. அதனால இந்த தடவை இது மட்டும்தான். வீட்டுக் கடன், பி.எஃப். கேள்வி அனுப்பினவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: வயசு 37. மத்திய அரசு துறை ஒண்ணுல எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர், 12 வருஷ சர்வீஸ், பென்ஷன் என்.பி.எஸ்.ல (நானும் அரசும் மாசாமாசம் பணம் போடற திட்டம்). எங்க ஆபீசுக்கு ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் யூனிட்னு சொல்லி கன்சல்டன்ட் பசங்க வர்றாங்க, என்னைவிட 10 வயசு சின்னவங்க. நான் சொல்லித்தர்றதையே ஸ்லைடா போட்டு என் மேலதிகாரிக்கே காட்டி பாராட்டு வாங்கறாங்க. அந்த வேலைக்கு நானே ஏன் போகக்கூடாது? போனா என்ன வரும், என்ன போகும்? (பேர் வேண்டாம், சென்னை)

பதில்: சார், கடிதத்துல உங்க கோபம் நல்லாவே தெரியுது, தப்பில்ல, எனக்கும் அதே கோபம்தான் இருந்துச்சு. ஆனா அந்தப் பசங்க ஸ்லைடு காட்டறது மட்டும்தான் உங்க கண்ணுல படுது, அதே ஸ்லைடு பதினஞ்சு தடவை மாறி, ராத்திரி ஒரு மணிக்கு மேனேஜர்கிட்ட திட்டு வாங்கி, காலைல பத்து மணிக்கு உங்க டேபிளுக்கு வர்றது படறதில்ல.

கன்சல்டிங்ங்கற ஒரே பேர்ல ரெண்டு உலகம் இருக்கு, முதல்ல அதைப் பிரிச்சுப் பாத்துக்கோங்க. மெக்கின்சி, பி.சி.ஜி., பெயின்னு மூணு பேரு சொல்வாங்க, 1926, 1963, 1973ல அமெரிக்காவுல ஆரம்பிச்சவங்க, பெரிய கம்பெனி தலைவருக்கு இந்த தொழில்ல இருக்கலாமா விக்கலாமா, செலவை எங்க குறைக்கலாம்னு யோசனை சொல்றதுதான் இவங்க பொழப்போட அடிப்படை. அங்க 37 வயசு அரசு இன்ஜினியர் நேரா உள்ள போறது ரொம்ப அபூர்வம், பொதுவா ஐ.ஐ.எம். இல்ல ஐ.எஸ்.பி. மாதிரி இடத்துல ஒரு வருஷ எம்.பி.ஏ. படிச்சு அங்கிருந்து போறதுதான் வழி, அப்பவும் உங்களைவிட ஏழெட்டு வயசு சின்னவங்களோட வரிசைல நிக்கணும். இன்னொரு உலகம் டெலாய்ட், பி.டபிள்யூ.சி., இ.ஒய்., கே.பி.எம்.ஜி.ன்னு ஆடிட் பக்கம் இருந்து வளர்ந்த நாலு பேரு, இவங்ககிட்ட அரசுத்துறைக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. 2015ல ஸ்மார்ட் சிட்டி திட்டம் வந்தப்ப ஊர் ஊரா ப்ராஜெக்ட் கன்சல்டன்ட்னு போய் உக்காந்தாங்களே, அந்த மாதிரி வேலை. உங்க ஆபீசுக்கு வர்ற பசங்களும் இந்த ரகமாத்தான் இருப்பாங்க. உங்களுக்குத் திறக்கற கதவும் இதுதான்.

ஏன் திறக்கும்னு கேட்டா, உங்க அறிவுக்காகத்தான்னு சொல்ல ஆசைதான், ஆனா முழு உண்மை அது இல்ல. அரசு கன்சல்டன்சி டெண்டர் நிறைய கியூ.சி.பி.எஸ். முறைல போகுது, உங்களுக்கே தெரியும், தரத்துக்கு ஒரு வெயிட்டேஜ், விலைக்கு ஒரு வெயிட்டேஜ். 70க்கு 30ன்னு வச்சுக்கோங்க. ஒரு கம்பெனி டெக்னிக்கல்ல 90 மார்க் வாங்கி 1 கோடியே 20 லட்சம் கோட் பண்ணுது, இன்னொண்ணு 75 வாங்கி 1 கோடி கோட் பண்ணுது. முதல் கம்பெனிக்கு 63ம் 25ம் சேர்ந்து 88, ரெண்டாவதுக்கு 52.5ம் 30ம் சேர்ந்து 82.5. 20 லட்சம் கூட கேட்டவன் ஜெயிச்சுட்டான். அந்த 90 எங்கிருந்து வந்துச்சு? அதுல ஒரு நல்ல பங்கு டீம்ல போடற ஆளுங்க சி.வி.க்கு கிடைக்கற மார்க். 'அரசு கட்டுமானத்துல இத்தனை வருஷ அனுபவம்'னு ஆர்.எஃப்.பி.ல, அதாவது டெண்டர் ஆவணத்துல, ஒரு வரி இருக்குமே, அந்த வரிதான் சார் உங்க மார்க்கெட். அதனால இன்டர்வியூல கூச்சப்படாம கேளுங்க, என்னை எடுக்கறது டெண்டர்ல சி.வி. வைக்கறதுக்கா, இல்ல ப்ராஜெக்ட்ல வேலை பாக்கறதுக்கான்னு. சி.வி.க்காக மட்டும் எடுத்தா, டெண்டர் கிடைக்காத மாசம் நீங்க ப்ராஜெக்ட் இல்லாம பெஞ்ச்ல உக்காந்திருப்பீங்க, ஒரு மாசம் சுகமா இருக்கும், மூணாவது மாசம் எச்.ஆர். கூப்பிடுவாங்க.

வேலை எப்படி இருக்கும்னு என் கதையை சொல்றேன். சேர்ந்த முதல் வாரம் ஒரு துறையோட பராமரிப்புச் செலவு பத்தி எழுதச் சொன்னாங்க, நான் பழக்க தோஷத்துல 'பார்வை 1ல் காணும் கடிதத்தின்படி'ன்னு ஆரம்பிக்கற மாதிரியே பின்னணி, முன்னாடி போட்ட ஜி.ஓ., அதுக்கு வந்த ஆட்சேபணை, எல்லாத்தையும் வரிசையா எழுதி பதினாலாம் பக்கத்துல என் கருத்தை 'தங்கள் மேலான ஆணைக்காக' பாணியில ரொம்ப பணிவா வச்சேன். மேனேஜர் 29 வயசு, என்னை பேர் சொல்லித்தான் கூப்பிடுவார், அது ஒண்ணே ஒரு மாசம் உறுத்துச்சு, அவர் கடைசிப் பக்கத்தைக் கிழிச்சு முதல்ல வச்சுட்டு 'இது போதும், மீதி கேட்டா குடுப்போம்'னாரு. நம்ம நோட்ல முடிவு கடைசில வரும், ஏன்னா நாளைக்கு ஆடிட் வந்தா நாம தனியா முடிவெடுக்கலன்னு பைல் சொல்லணும். அங்க முடிவு முதல் வரில வரணும், ஏன்னா கேக்கறவர் லிப்ட்ல ஏறிட்டிருப்பாரு. இதைப் பழகறதுக்கு எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, எக்ஸெல், பி.பி.டி. எல்லாம் மூணு மாசத்துல வந்துடுச்சு.

இன்னொண்ணு யாரும் முன்னாடியே சொல்ல மாட்டாங்க. இப்ப நீங்க கையெழுத்து போடற ஆளு. எஸ்டிமேட்டோ பில்லோ உங்க இனிஷியல் இல்லாம நகராது. நாளைக்கு அதே மாதிரி ஒருத்தர் கையெழுத்துக்காக வெளில விசிட்டர் சேர்ல பை மடில வச்சுட்டு ரெண்டு மணி நேரம் உக்காரணும், உங்ககிட்ட வேலை பார்த்த ஜூனியராவே அவர் இருக்கலாம், 'மீட்டிங்ல இருக்காரு சார்'னு ஆபீஸ் அசிஸ்டென்ட் சொல்வாரு. நான் சென்னைல அரசு ஆபீசுங்க இருக்கற எழிலகத்துல அப்படி உக்காந்திருக்கேன். சம்பளம் குறைஞ்சாகூட சமாளிச்சுடலாம், இதை சமாளிக்க முடியாம திரும்பிப் பார்க்கறவங்கதான் நான் பார்த்ததுல அதிகம்.

இன்டர்வியூல கேஸ்னு ஒண்ணு வைப்பாங்க, சென்னைல ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் பால் விக்கும்ங்கற மாதிரி. சரியான நம்பர் யாருக்கும் வேண்டாம், நீங்க எப்படிப் பிரிக்கறீங்கன்னு பாப்பாங்க. 80 லட்சம் பேர்னு வச்சுக்கறேன், வீட்டுக்கு 4 பேரு, 20 லட்சம் வீடு, வீட்டுக்கு முக்கால் லிட்டர்னா 15 லட்சம், டீக்கடையும் ஓட்டலும் தனியா கூட்டணும்னு வாய்விட்டு சொல்லிட்டே போகணும். ரேட் அனாலிசிஸ் போட்டவருக்கு இது கஷ்டமே இல்ல, ஆனா நம்மாளுங்க தப்பாயிடுமோன்னு பயந்து வாயையே திறக்க மாட்டாங்க.

இப்ப கணக்குக்கு வருவோம். 12 வருஷத்துல வெளில வந்தா அது ராஜினாமா, வி.ஆர்.எஸ்.ங்கற விருப்ப ஓய்வு இல்ல. வி.ஆர்.எஸ்.க்கு 20 வருஷம் ஆகணும், மூணு மாச நோட்டீஸ். ராஜினாமான்னா செஞ்ச சர்வீஸ் மொத்தமும் கணக்குல இருந்து போயிடும், கிராஜுவிட்டி கிடையாது. கிராஜுவிட்டி ஒவ்வொரு அரை வருஷத்துக்கும் கால் மாச சம்பளம், உங்களுக்கு 24 அரை வருஷம், அதாவது 6 மாசம், பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 1,25,000ன்னு வச்சா 7,50,000 ரூபா அப்படியே விட்டுட்டு வர்றீங்க. ஈ.எல். (சேத்து வச்ச ஈட்டிய விடுப்பு) கணக்குல இருக்கறதுல பாதிக்குத்தான் காசு, அதுவும் 150 நாளுக்கு மேல கிடையாது, ரிட்டையர் ஆறவருக்கு அது 300. என்.பி.எஸ். மட்டும் உங்க கூடவே வரும், நம்பர் மாறாது, ஆனா அரசு போட்டுட்டிருந்த 14% நின்னுடும். புது கம்பெனிகிட்ட அவங்க பங்கை என்.பி.எஸ்.ல போடச் சொல்லி சம்பள பேச்சுலயே கேளுங்க, புது வரி முறைலயும் பேசிக்ல 14% வரைக்கும் அதுக்கு வரி கிடையாது. உறுதி பென்ஷன் தர்ற யு.பி.எஸ். திட்டத்துக்கு மாறியிருந்தீங்கன்னா, ராஜினாமா பண்றவருக்கு அந்த உறுதி பென்ஷன் இல்லைங்கறதையும் எழுதி வச்சுக்கோங்க. அவங்க சொல்ற சி.டி.சி.ல (உங்களுக்காக கம்பெனி பண்ற மொத்த செலவு) கம்பெனி போடற பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ், கிடைக்குமோ கிடைக்காதோங்கற போனஸ் எல்லாம் அடக்கம், கைக்கு வர்றது எவ்வளவுன்னு மாசக் கணக்குல எழுதி வாங்குங்க.

திரும்பி வர்ற வழி? தனியார் கம்பெனில சேரறதுக்காக ராஜினாமா பண்ணினவர் அதை வாபஸ் வாங்க கேட்டா ஏத்துக்கக்கூடாதுன்னு ரூலே இருக்கு. கதவு ஒரு பக்கம்தான் திறக்கும். அதே மாதிரி கடிதம் குடுத்த அன்னிக்கே வேலை முடியாது, அப்பாயின்ட்டிங் அத்தாரிட்டி ஏத்துக்கிட்டு ஆர்டர் போடணும், விஜிலன்ஸ் க்ளியரன்ஸ் வேணும், ஹவுஸ் பில்டிங் அட்வான்ஸ் பாக்கி கட்டணும், அதனால ஆஃபர் வந்த உடனே ஒரு மாசத்துல சேரறேன்னு வாக்கு குடுத்துடாதீங்க. உங்க ஆபீஸ்லயே வேலை பாக்கற கன்சல்டன்ட் கம்பெனிகிட்ட வேலை பேச்சு பேசறதா இருந்தா, அவங்க பில்லோ டெண்டரோ உங்க டேபிள்ல இருக்கும்போது வேண்டவே வேண்டாம். முதல்ல மேலதிகாரிக்கு எழுதிக் குடுத்து அந்த பைலை விட்டு விலகுங்க, இல்லன்னா வேற கம்பெனி பாருங்க. நாளைக்கு எவனாவது ஒரு பெட்டிஷன் போட்டா நீங்க நேர்மையா இருந்தது பைல்ல தெரியாது.

என் அபிப்ராயம் கேட்டா, 17 வருஷத்துல இந்த கடிதம் வந்திருந்தா மூணு வருஷம் பல்லைக் கடிச்சுக்கோங்க, வி.ஆர்.எஸ்.ல போலாம்னு எழுதியிருப்பேன். 12ல எட்டு வருஷம் காத்திருக்கறது ரொம்ப நீளம், 45 வயசுல புதுசா எந்திரிச்சு ஓட முடியாது. போறதா இருந்தா இப்பவே போங்க, ஆனா அந்தப் பசங்க மேல இருக்கற கோபத்துக்காகப் போகாதீங்க, அது ஆறு மாசத்துல ஆறிடும்.

கேள்வி: நான் தாலுகா ஆபீஸ்ல ஜூனியர் அசிஸ்டென்ட், குரூப் 4ல வந்தவன், வயசு 27, பி.காம். நாலு சின்ன கம்பெனிக்கு சாயங்காலத்துல பிசினஸ் கன்சல்டிங் பண்ணி அனுபவம் சேத்துக்கலாமான்னு பாக்கறேன். (திருவண்ணாமலை)

பதில்: தம்பி, சாயங்காலம் பண்ற விஷயத்தை இன்னிக்கே மறந்துடுங்க. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973ன்னு ஒண்ணு இருக்கு, அனுமதி இல்லாம தனியா வேலை, வியாபாரம் எதுவும் கூடாது. காசு வாங்காம சும்மா பண்றேன்னு சொன்னாலும் அந்த கம்பெனிக்காரர் நாளைக்கு பட்டா மாறுதலுக்கு உங்க ஆபீசுக்கே வருவாரு, அப்புறம் ஒழுங்கு நடவடிக்கைன்னு வர்ற 17பி சார்ஜ் மெமோவுக்கு விளக்கம் எழுதிட்டு உக்காந்திருப்பீங்க.

உங்க வயசு பெரிய சொத்து, மேல எழுதின சாருக்கு அது இல்ல. கன்சல்டிங்ல கீழ் படிக்கட்டு அனலிஸ்ட், அதுல நிக்க 27 ஒண்ணும் அதிகமில்ல. ஆனா வெறும் பி.காம்.மோட கதவு தட்டினா திறக்கறது கஷ்டம். ஐ.ஐ.எம்.ல சேர்றதுக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதி முழுநேர எம்.பி.ஏ. போறது ஒரு வழி, அதுக்கு வேலையை விடணும். வேலைல இருந்துட்டே படிக்கணும்னா ஐ.ஐ.எம். திருச்சி சென்னைல வேலை பாக்கறவங்களுக்குன்னு வார இறுதி எம்.பி.ஏ. நடத்துது, திருவண்ணாமலைல இருந்து வாரா வாரம் பஸ் பிடிக்கறது லேசில்ல, ஃபீசும் லட்சக்கணக்குல, அவங்க கேக்கற அனுபவத் தகுதி உங்களுக்கு இருக்கான்னு பாத்துட்டு கணக்கு போடுங்க. எதுல சேர்ந்தாலும் முன்னாடியே படிப்பு அனுமதி வாங்கி எஸ்.ஆர்.ல (உங்க சர்வீஸ் ரெஜிஸ்டர்) என்ட்ரி போட வைங்க.

அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். உங்க ஆபீஸ்ல ஒரு மனு வந்தா எத்தனை டேபிள் தாண்டுது, எந்த டேபிள்ல எத்தனை நாள் தூங்குதுன்னு ஒரு எக்ஸெல்ல போட்டுப் பாருங்க, பேர், விவரம் எதுவும் வெளில போகக்கூடாது, தாசில்தார்கிட்ட சொல்லிட்டுப் பண்ணுங்க. ஆயிரக்கணக்குல சம்பளம் வாங்கிட்டு கன்சல்டன்ட் பண்றதே பாதி நேரம் இந்த வேலைதான்.

கேள்வி: பையன் ரயில்வேல இருக்கான், 29 வயசு. ஏதோ கன்சல்டிங் கம்பெனிக்கு போறேங்கறான். பொண்ணு பாத்துட்டிருக்கோம். ஜாதகத்துல வேலைன்னு என்ன போடறது? கல்யாணம் முடிஞ்சு போகச் சொல்லலாமா? (ஒரு அம்மா, மதுரை)

பதில்: அம்மா, சிரிப்பு வந்துச்சு, ஆனா உங்க கவலை எனக்குப் புரியாம இல்ல, நான் வேலையை விட்டப்ப எங்க மாமனார் ஆறு மாசம் என்கிட்ட சரியா பேசல. ரயில்வேன்னு சொல்லி பொண்ணு கேட்டுட்டு தாலி கட்டின மறு மாசம் ராஜினாமா குடுத்தா அது அந்தப் பொண்ணு வீட்டுக்குப் பண்ற துரோகம், அதைப் பண்ணாதீங்க. பையனுக்கு ஆஃபர் கைல வந்திருந்தா அதையே சொல்லி பொண்ணு பாருங்க, வரன் நாலு குறையும், அவ்வளவுதான். இன்னும் ஆஃபர் வரலைன்னா ரயில்வேன்னே போடுங்க, ஆனா பொண்ணுகிட்ட பையனே தனியா பேசி யோசனை இருக்குன்னு சொல்லிடணும். வாரத்துல நாலு நாள் வெளியூர்ல இருக்கற வேலையா இருக்கலாம், அதை சம்பளத்துக்கு முன்னாடி சொல்லணும்.

கேள்வி: மத்திய அரசுல குரூப் ஏ அதிகாரியா இருந்து மூணு மாசம் முன்னாடி ரிட்டையர் ஆனேன். வீட்டுலயே போர்டு மாட்டி தனியா கன்சல்டன்ட்டா உக்காரலாம்னு இருக்கேன். யாருக்கு கீழயும் வேலை பாக்கப் போறதில்லையே, அனுமதி எதுக்கு? (கோயம்புத்தூர்)

பதில்: ஐயா, நிறைய பேர் வழுக்கி விழற இடம் இது. ரிட்டையர் ஆகி ஒரு வருஷத்துக்குள்ள கமர்ஷியல் எம்ப்ளாய்மென்ட்டுக்கு குரூப் ஏ அதிகாரி முன்அனுமதி வாங்கணும், அதுல கம்பெனில சேர்றது மட்டும் இல்ல, பதவில இருந்தப்ப தெரிஞ்ச விஷயத்தை வச்சு ஆலோசகரா தனியா போர்டு மாட்டறதும், அரசு ஆபீசோட தொடர்பு வச்சுக்கற வேலையும் சேரும். இன்னும் ஒம்பது மாசம் இருக்கு, மனு போட்டு அனுமதி வாங்குங்க, இல்ல அந்த ஒம்பது மாசம் பேரனோட இருங்க. அனுமதி இல்லாம பண்ணி மாட்டினா பென்ஷன்லயே கை வைக்கலாம்.

அப்புறம் நடைமுறை. வருஷ வரவு 20 லட்சம் தாண்டினா ஜி.எஸ்.டி. பதிவு பண்ணியாகணும், ஃபீஸ் குடுக்கறவங்க பொதுவா 10% டி.டி.எஸ். பிடிச்சுட்டுத்தான் குடுப்பாங்க, பென்ஷனோட சேர்த்து ரிட்டர்ன்ல காட்டணும், பேசாம ஒரு ஆடிட்டரைப் பிடிங்க. ஃபீஸ் பேசறதுதான் நம்மாளுங்களுக்கு வராது. 35 வருஷம் பே கமிஷன் நமக்கு விலை போட்டுச்சு, இப்ப நாமளே நமக்கு விலை சொல்லணும்னா வாய் குழறுது. ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு முடிவு பண்ணி லெட்டர்ல எழுதி அனுப்புங்க, நேர்ல சொன்னா 'உங்களுக்குத் தோணினதை குடுங்க'ன்னு சொல்லிடுவீங்க, எனக்குத் தெரியும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் 14 வருஷ மத்திய அரசு வேலையை விட்டுட்டு கன்சல்டிங் கம்பெனில சேர்ந்து 8 மாசம் ஆச்சு. ராத்திரி தூக்கம் இல்ல, ஞாயித்துக்கிழமையும் லேப்டாப்தான், டெண்டர் டெண்டர்னு ஓடறார். பழைய வேலைக்கே போயிடலாம்னு புலம்பறார். முடியுமா? (சென்னை)

பதில்: மேடம், பழைய வேலைக்கு முடியாது, மேல எழுதினதுதான், தனியாருக்காக விட்ட ராஜினாமாவை வாபஸ் வாங்க ரூல்ல இடமில்ல. இதை அவர்கிட்ட நீங்களே தெளிவா சொல்லிடறது நல்லது, இல்லாத கதவையே பாத்துட்டு இருந்தா இருக்கற கதவு தெரியாது. புது அரசு வேலைக்கு எழுதலாம்னா வயசு வரம்பு இடிக்கும், அரசு ஊழியர்ங்கற வயசு சலுகையும் இப்ப கைல இல்ல.

ஆனா கம்பெனியை விடறதுக்கு முன்னாடி கம்பெனிக்குள்ள மாறிப் பாக்கலாம். நீங்க எழுதினதை வச்சுப் பாத்தா அவரை பிட் டீம்ல போட்டிருக்காங்க, டெண்டருக்கு டாக்குமென்ட் தயார் பண்ற டீம், அங்க கடைசி தேதின்னு ஒண்ணு இருக்கற வரைக்கும் ஞாயிறும் கிடையாது பொங்கலும் கிடையாது. அரசு ஆபீஸ்லயே உக்காந்து வேலை பாக்கற நீண்டகால ப்ராஜெக்ட்டுக்கு மாத்திக் கேக்கச் சொல்லுங்க. க்ளையன்ட் ஆபீஸ் ஆறு மணிக்கு லைட் அணைச்சா இவங்களும் கிளம்பலாம், முழுசா இல்லன்னாலும் பெரும்பாலான நாள். பைல் எப்படி நகரும்னு தெரிஞ்ச ஆளுக்கு அங்கதான் மரியாதையும். ஒரு வருஷ அப்ரைசல் வர்றதுக்குள்ள கேட்டுடணும், அப்புறம் கேட்டா சமாளிக்க முடியாம கேக்கறார்னு ஆயிடும். தூக்கம் இல்லாதது எட்டு மாசமாவேன்னா அதுக்கு தனியா ஒரு டாக்டரைப் பாருங்க, அதை வேலை மாறினா சரியாயிடும்னு தள்ளிப் போடாதீங்க.

ப்ராஜெக்ட் மாத்திக் கேக்கும்போது ஒண்ணே ஒண்ணு, அவரோட பழைய டிபார்ட்மென்ட்டை மட்டும் இப்போதைக்கு கேக்க வேண்டாம்னு சொல்லுங்க. அந்த பில்டிங்ல விசிட்டர் சேர்ல உக்காரறதுக்கு எனக்கு மூணு வருஷம் ஆச்சு.